இவ்வளவு பெரிய அண்டம் யாருக்காக?

பெங்களூருக்கு வடகிழக்கே, கோலார் போகும் சாலையில் இருக்கிறது ஹொசகோட்டே. இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வளாகம் ஒன்று அங்கே உண்டு. அங்கிருந்தபடியே லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் 2 மீட்டர் தொலைநோக்கியைச் செயற்கைக்கோள் இணைப்பு வழியே இயக்குகிறார்கள். இமாலய சந்திரா தொலைநோக்கி என்று அதற்குப் பெயர். சென்னையில் வளர்ந்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக வைத்த பெயர். அந்தக் கண்ணாடியில் வந்து விழும் ஒளியில் ஒரு பகுதி, பூமியில் மனித இனம் தோன்றுவதற்கு முன்பே தன் இடத்தை விட்டுப் புறப்பட்டது.

இதே பெங்களூரில்தான் இஸ்ரோவின் தலைமையகமும் இருக்கிறது. 2023 ஜூலையில் சந்திரயான்-3 ஏவப்படுவதற்கு முன், அதன் சிறிய மாதிரியை இஸ்ரோ குழுவினர் திருமலைக்கு எடுத்துச் சென்று வழிபட்டார்கள். நீண்ட நாள் வழக்கம் அது. பெங்களூரைச் சேர்ந்த வேதியியலாளர் சி.என்.ஆர். ராவ் போன்றவர்கள் அதை விமர்சித்தும் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நம் ஏடுகளில் ஒரு பகுதியினர் ‘அறிவியலும் ஆன்மிகமும் கைகோத்தன’ என்று எழுதுகிறார்கள், இன்னொரு பகுதியினர் ‘வெட்கம்’ என்று எழுதுகிறார்கள். இரு தரப்பும் நான் எடுத்துக்கொள்ளும் கேள்விக்கு அருகில்கூட வரவில்லை. எடுத்த காரியம் தடையின்றி முடிய வேண்டும் என்று வேண்டிக்கொள்வது ஒன்று. இந்த அண்டம் ஒரு நோக்கத்தோடு படைக்கப்பட்டது என்று நம்புவது வேறொன்று. முதலாவது மனிதக் கவலையின் வெளிப்பாடு, அதில் எனக்கு வழக்கில்லை. இரண்டாவது உலகத்தைப் பற்றிய ஒரு கூற்று. உலகத்தைப் பற்றிய கூற்றென்றால் அதை உலகத்தோடு வைத்துப் பார்த்தாக வேண்டும்.

உலகம் எப்படி இருக்கிறது? சூரியனிலிருந்து ஒளி நம்மை வந்தடைய எட்டு நிமிடங்களுக்குச் சற்று மேல் ஆகிறது. அதற்கடுத்து அருகில் உள்ள விண்மீனிலிருந்து 4.2 ஆண்டு. நம் பால்வீதியின் குறுக்களவு ஏறத்தாழ 1 லட்சம் ஒளியாண்டு, அதில் விண்மீன்கள் 10,000 கோடி முதல் 40,000 கோடி வரை இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். பக்கத்துப் பெரிய மண்டலமான ஆண்ட்ரோமீடா 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில். நம்மால் பார்க்க முடிகிற அண்டத்தின் குறுக்களவு சுமார் 9,300 கோடி ஒளியாண்டு, வயது 1,380 கோடி ஆண்டு. அதற்கப்பால் எவ்வளவு என்பது அளவுக்குள் வராதது. நம் இனத்துக்கு வயது ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டு. அதாவது அண்டத்தின் வயதில் 46,000-இல் ஒரு பங்கு. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: விண்மீனும் கோளும் நாமும் ஆக்கப்பட்டிருக்கும் சாதாரணப் பொருள் மொத்தத்தில் 5 சதவீதம்தான். மீதி இருள்பொருளும் இருள்ஆற்றலும்.

இதை வைத்து அந்த நம்பிக்கைக்கு எதிராக எழும் மறுப்பைப் பலர் கேலியாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒழுங்காக வைத்தவர் பிரிட்டிஷ் மெய்யியலாளர் நிக்கலஸ் எவரிட், 2004-இல் வந்த தம் நூலில். ‘நாம் சிறியவர்கள், ஆகவே கடவுள் இல்லை’ என்பதல்ல அவர் வாதம். அப்படிச் சொன்னால் அது பிழை. அவர் கேட்பது இது: எல்லாம் வல்ல ஒருவர் இருக்கிறார், மனிதனைப் போன்ற உயிர்கள் அவருடைய நோக்கத்தின் நடுவில் இருக்கின்றன என்று மட்டும் நமக்குச் சொல்லிவிட்டு, வேறெதையும் காட்டாமல், ‘அவர் எப்படிப்பட்ட உலகைப் படைத்திருப்பார்?’ என்று கேட்டால் என்ன சொல்லுவோம்? மனிதனுக்குப் பொருந்திய அளவுள்ள, மனிதன் தொடக்கத்திலேயே இடம்பெறுகிற ஓர் உலகை என்றுதான் சொல்லுவோம். விவிலியத்தின் முதல் ஏடு சொல்வதும் ஏறத்தாழ அதைத்தான். ஆனால் கண்ணில் படுவது நேர்மாறு. எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது வேறு என்றால் அந்தக் கருத்தின் வலு குறைகிறது. முற்றாக வீழ்வதில்லை, குறைகிறது. இந்த அளவோடு நிற்கும் வாதம் என்பதால்தான் அதைத் தட்டிக்கழிப்பது கடினம்.

இதற்கு வழக்கமாக வரும் முதல் பதில், அளவுக்கும் மதிப்புக்கும் தொடர்பில்லை என்பது. கேம்பிரிட்ஜின் ஃபிராங்க் ராம்சே 1925-இல் ஓர் உரையில் இந்தப் பொருளில் பேசினார். விண்மீன்கள் எவ்வளவு பெரியவையாக இருந்தாலும் அவற்றால் சிந்திக்கவோ அன்பு செய்யவோ முடியாது, ஆகவே அவற்றின் முன் தமக்குப் பணிவு தோன்றவில்லை என்றார். ராம்சே கடவுள் நம்பிக்கையாளர் அல்லர். ஆனாலும் நம்பிக்கையாளர்கள் இந்தக் கருத்தை விரும்பி எடுத்துக்கொள்கிறார்கள். கருத்து சரி, இடம் தவறு. எவரிட் நம் மதிப்பைக் கேட்கவில்லை. ஒருவருக்கு ஒரு நோக்கம் இருந்தால் அவர் செய்தது அந்த நோக்கத்தோடு பொருந்துகிறதா என்று கேட்கிறார். நம் மதிப்பு எவ்வளவு உயர்ந்தாலும் அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது.

இரண்டாவது பதிலில் சாரம் அதிகம். அண்டம் பெரியதாக இருந்தால்தான் நாம் இருக்க முடியும் என்பது அது. தொடக்க நிமிடங்களில் உருவானவை ஹைட்ரஜன், ஹீலியம், கொஞ்சம் லித்தியம், அவ்வளவுதான். கார்பனும் ஆக்சிஜனும் விண்மீன்களுக்குள் சமைந்து, அவை அழிந்தபோது வெளியில் சிதறின. நம் இரத்தத்தில் இருக்கும் இரும்பின் கதையில் சந்திரசேகருக்கே ஒரு பங்குண்டு. 1930-இல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது அவர் ஒரு கணக்குப் போட்டார். எரிந்து முடிந்து சுருங்கிய விண்மீன் ஒன்று ஓர் எல்லைக்கு மேல் நிறை கொண்டால் தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாது என்பது அதன் முடிவு. இன்று ஏற்கப்படும் அந்த எல்லை சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. துணை விண்மீனிலிருந்து பொருளை இழுத்து அந்த எல்லையை நெருங்கும் வெண்குறுமீன்கள் வெடித்துச் சிதறுவதில்தான் அண்டத்தின் இரும்பில் பெரும்பங்கு உண்டாகிறது. இதற்கெல்லாம் நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள் வேண்டும். அண்டமோ விரிந்துகொண்டே இருக்கிறது. ஆகவே வயதான அண்டம் பெரிய அண்டமாகத்தான் இருக்கும். அண்டத்தின் இப்போதைய வயதுக்கும் அதை அறியும் உயிர்கள் இருப்பதற்கும் இப்படி ஓர் உறவு உண்டு என்று 1961-இல் ராபர்ட் டிக்கி சுட்டிக்காட்டினார்.

இது அழகான இயற்பியல். என்னைப் பொறுத்தவரை, வீணாகத் தெரிந்த பெருவெளிக்கும் நம் உடம்புக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலைக் காட்டிய வகையில், எந்தப் பிரசங்கத்தைவிடவும் மேலானது. ஆனால் வாதமாக இது எவ்வளவு தூரம் போகிறது? நாம் ஏன் ஒரு முதிய, பெரிய அண்டத்தில் இருக்கிறோம் என்பதை இது விளக்குகிறது. படைத்தவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே விளக்கம்தான். இரு பக்கத்துக்கும் ஒன்றுபோலப் பொருந்தும் விளக்கம் எந்தப் பக்கத்துக்கும் சாட்சி ஆகாது. அடுத்து, விண்மீன்கள் எரிந்தால்தான் இரும்பு என்ற நிபந்தனையை விதித்தது யார்? இயற்கை விதி. அந்த விதியைப் படைத்தவர் அவரே என்றால் வேறு விதியையும் அவர் தேர்ந்திருக்கலாம். அந்த விதிக்கு அவரும் கட்டுப்பட்டவர் என்றால் எல்லாம் வல்லவர் என்ற அடைமொழி உதிர்கிறது.

நம்பிக்கையாளர் இதற்கும் ஒரு மறுமொழி வைத்திருக்கிறார், அது மதிக்கத்தக்கது: விதி ஒழுங்குள்ள உலகில்தான் உயிர்கள் கற்கவும் முன்னறியவும் தம் செயலுக்குப் பொறுப்பேற்கவும் முடியும், ஆகவே விதிகளின் வழியே செயல்படுவதை அவர் விரும்பினார். சரி, ஒப்புக்கொள்வோம். காலநீளத்தைப் பற்றிய உறுத்தலில் பாதி இதனால் தீரும். எண்ணிக்கை பற்றியது தீராது. நம் இரும்புக்கு நம் மண்டலத்து விண்மீன்களே போதும். ஆண்ட்ரோமீடாவின் விண்மீன்கள் நமக்கு ஓர் அணுவையும் தரவில்லை. அதற்கப்பால் இருக்கும் பல்லாயிரம் கோடி மண்டலங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இயற்கையின் மாறிலிகள் உயிருக்கு ஏற்றபடி நுட்பமாக அமைந்திருக்கின்றன என்னும் வாதத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். கார்பன் அணுக்கருவுக்கு ஒரு குறிப்பிட்ட ஆற்றல்நிலை இருந்தே ஆக வேண்டும் என்று 1953-இல் ஃபிரெட் ஹாயில் முன்கூட்டிச் சொல்லி, சோதனையில் அது மெய்யான கதை வியப்புக்குரியதுதான். ஆனால் அந்த மாறிலிகள் வேறு எந்தெந்த அளவுகளை எடுத்திருக்கக்கூடும், அவற்றில் எது எவ்வளவு இயல்பானது என்பதைச் சொல்லும் கோட்பாடு யாரிடமும் இல்லை. அது இல்லாமல் ‘இது அரிது’ என்ற கணக்கே எழாது. மேலும், நுட்பமாகப் பொருத்த வேண்டிய தேவை விதிகளுக்குள் சிக்கியவருக்குத்தான் உண்டு.

இதுவரை பார்த்தது மேற்கின் வழக்கு. நம் மண்ணில் இந்தக் கேள்வி பிறந்த விதமே வேறு. அதைப் பார்க்காமல் எவரிட்டின் வாதத்தை இங்கே இறக்குமதி செய்வது பொருந்தாது.

மாணிக்கவாசகரின் காலத்தை ஒன்பதாம் நூற்றாண்டு என்று பலர் கொள்கிறார்கள். திருவாசகத்தில் திருவண்டப்பகுதி என்றொரு பகுதி. எண்ணற்கரிய அண்டங்கள் விரிந்து கிடப்பதை முதலில் நம் முன் வைத்துவிட்டு, வீட்டுக்குள் நுழையும் வெயிலில் மிதக்கும் நுண்துகள்கள் அளவுக்கு அவற்றைச் சிறியதாக்கும் ஒரு பெருமை சிவனுடையது என்று அவர் பாடுகிறார். அண்டத்தின் பெருமை அவருக்கு இடையூறே அல்ல. இறைவனின் பெருமையை உணர அதுவே படிக்கட்டு. கர்நாடகத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பசவண்ணர் இதையே இன்னொரு முனையிலிருந்து சொன்னார். உலகையும் வானையும் கடந்து விரிந்தவன் தன் உள்ளங்கையில் இலிங்கமாகச் சுருங்கி வந்து அமர்ந்ததைக் கண்டு அவர் வியந்தார். திருவண்ணாமலையின் அடிமுடி தேடிய கதை இன்னும் பழையது. பன்றியாய்க் கீழே அகழ்ந்த திருமாலும் அன்னமாய் மேலே பறந்த பிரமனும் எல்லை காணவில்லை. இந்தியாவின் பெரிய தொலைநோக்கிகளில் ஒன்றான 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் இயங்கும் காவலூர், அந்த அண்ணாமலைக்கு வடக்கே விரியும் ஜவ்வாது மலையில்தான் இருக்கிறது. அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துக்குச் சொந்தமானது அது.

எவரிட்டின் வாதம் இந்த இறைவனைத் தொடுகிறதா? தொடவில்லை என்பதே என் தீர்ப்பு. மனிதனுக்குப் பொருந்திய அளவில் வீடு கட்டித் தருபவர் என்று யாரை நினைத்தார்களோ, அவரைத்தான் அந்த வாதம் பாதிக்கும். அண்டங்கள் எண்ணிறந்தவை என்று முன்பே கருதிய மரபுக்கு, அவை எண்ணிறந்தவையாகவே இருப்பது அதிர்ச்சி தராது. மனிதனை மட்டும் நடுவில் வைக்காமல், புல்லும் புழுவும் மரமும் விலங்கும் எனப் பிறவிகளின் நீண்ட வரிசையில் அவனை ஒரு படியாக வைத்ததும் அதே மரபுதான்.

ஆனால் இந்த இடத்தில் பலர் ஒரு தாவலைச் செய்கிறார்கள். ‘இன்றைய அறிவியல் கண்டதை நம் முன்னோர் அன்றே கண்டார்கள்’ என்று. இது எனக்கு உண்மையான வேதனையைத் தருவது, அந்த நூல்களின் மேல் மதிப்புள்ளவன் என்பதாலேயே. கல்பம் என்பது 432 கோடி ஆண்டு, பூமியின் வயது 454 கோடி ஆண்டு, எவ்வளவு நெருக்கம் என்கிறார்கள். கார்ல் சேகன் தம் ‘காஸ்மாஸ்’ தொடரில் இந்தியக் கால அளவுகளைப் பாராட்டியதையும் துணைக்கு அழைக்கிறார்கள். கலியுகத்தின் 4,32,000 ஆண்டைப் பத்தால் பெருக்கி மகாயுகம், அதை ஆயிரத்தால் பெருக்கிக் கல்பம். இதில் பூமியை அளந்த சுவடு எதுவும் இல்லை. ஒரு பொருத்தத்தை எடுத்துக்கொண்டால் மற்றவற்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதே கணக்குப்படி, மனிதர்கள் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் திரேதாயுகம் முடிந்து ஏறத்தாழ 8,69,000 ஆண்டுகள் ஆகின்றன. நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகளுக்கே 3 லட்சம் ஆண்டுதான் வயது. பாகவதம் சந்திரனைச் சூரியனுக்கு மேலே, அதைவிடத் தொலைவில் வைக்கிறது. திருவண்டப்பகுதியின் அண்டங்கள் ஒரு பக்தர் தம் இறைவனின் பெருமையை எட்டிப்பிடிக்க எழுப்பிய எண்ணம். அதை ஓர் அளவீட்டுக் குறிப்பாகப் படித்தால் குறைத்துவிடுகிறோம்.

இதைவிட முக்கியமான ஒன்று பேசப்படாமலே போகிறது. அதே ஒன்பதாம் நூற்றாண்டில், இன்றைய கலபுரகி மாவட்டத்து மால்கேடைத் தலைநகராகக் கொண்ட இராட்டிரகூட அரசன் அமோகவர்ஷனின் குருவாக இருந்தவர் ஜினசேனர் என்ற சமண ஆசிரியர். அவருடைய ஆதிபுராணத்தில் படைப்பாளர் கொள்கைக்கு எதிராக ஒரு பகுதி உண்டு. அதிலிருந்து ஒரு துணுக்கைச் சேகனும் தம் நூலில் எடுத்தாண்டார். ஜினசேனரின் கேள்விகளை என் சொற்களில் தருகிறேன். படைப்பதற்கு முன் அவர் எங்கே இருந்தார்? மூலப்பொருள் இல்லாமல் எதைக்கொண்டு செய்தார்? நிறைவானவர் என்றால் படைக்கும் விருப்பம் அவருக்கு ஏன் எழுந்தது? நிறைவற்றவர் என்றால் அவரால் எப்படி இதைச் செய்ய முடிந்தது? உயிர்கள் மேல் அன்பால் செய்தார் என்றால் துன்பம் எதற்கு?

ஜினசேனரின் அண்டமும் சின்னதல்ல. சமணர்களின் உலகக் கணக்கு மலைக்க வைக்கும் பேரளவுகளால் ஆனது, காலச் சக்கரத்துக்குத் தொடக்கமும் இல்லை. பௌத்தர்களும் ஆயிரமாயிரம் உலகங்களைப் பேசினார்கள், படைப்பவன் ஒருவனை ஏற்கவில்லை. ஆக இந்தியாவில் பேரண்டம் என்பது எல்லாருக்கும் பொதுவான தரை. அதன் மேல் நின்று சைவர் ‘படைத்தவன் உண்டு’ என்றார், சமணர் ‘இல்லை’ என்றார். அளவை ஒருவரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. ‘எங்கள் மரபு விரிவை முன்பே அறிந்தது, ஆகவே எங்கள் இறைவன் மெய்’ என்ற வாதம் இங்கே உடைகிறது. விரிவை அறிந்தவர்களில் பாதிப் பேர் இறைவனை மறுத்தவர்கள். எவரிட்டின் வாதம் திருவாசகத்தின் இறைவனுக்கு எதிராகச் செல்லாது என்றேனே, அதே காரணத்தால் விரிவு அந்த இறைவனுக்கு ஆதரவாகவும் செல்லாது.

எனவே எடை போட வேண்டியது அளவை அல்ல, நோக்கத்தை. இங்கே தமிழில் கிடைக்கும் மிகக் கூர்மையான விடை பதின்மூன்றாம் நூற்றாண்டு மெய்கண்டாருடையது. சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவிலேயே அவர் வாதத்தோடு தொடங்குகிறார். பகுதி பகுதியாக இருக்கும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவதைக் காண்கிறோம். அறிவற்ற உலகம் தானே இதைச் செய்துகொள்ளாது. ஆகவே ஒடுக்கியவனே மீண்டும் தோற்றுவிக்கிறான். எதற்காக? உயிர்களின் மலம் என்னும் மாசு நீங்குவதற்காக. இதில் ஜினசேனரின் கேள்விகளில் சிலவற்றுக்கு நேரான பதில் இருக்கிறது. இறைவன் ஒன்றுமில்லாததிலிருந்து எதையும் செய்யவில்லை. மாயை என்னும் மூலப்பொருள் என்றும் உள்ளது. குயவன், சக்கரம், மண் என்று சைவ சித்தாந்திகள் காட்டும் மூன்றில் மண்ணின் இடம் அதற்கு. உயிர்களையும் அவன் படைக்கவில்லை, அவையும் என்றும் உள்ளவை. உடம்பும் கருவிகளும் உலகமும் நுகர்ச்சியும் தந்து, ஆணவத்தில் மூடிக்கிடக்கும் உயிரைக் கனிய வைக்கிறான். தனக்கு ஒரு குறை இருந்து படைக்கவில்லை, எனவே அவன் நிறைவுக்கு இழுக்கில்லை. வேதாந்த சூத்திரத்துக்கு உரை கண்ட இராமானுஜர் ஏற்ற விடை வேறு. படைப்பு இறைவனுக்கு விளையாட்டு என்பது அது. என் கணிப்பில் மெய்கண்டாரின் விடை அதைவிட ஒரு படி உறுதியானது. விளையாட்டு என்று சொன்னபின் ‘அன்பு என்றால் துன்பம் எதற்கு’ என்ற கேள்வி இன்னும் கடுமையாகிவிடுகிறது.

சித்தாந்தம் இதற்கு ஒரு விலை கொடுக்கிறது, மறைக்காமல் கொடுக்கிறது. உயிருக்கும் மாயைக்கும் ஆணவத்துக்கும் அவன் மூலம் அல்ல. எல்லாவற்றுக்கும் ஒரே காரணமான படைப்பாளர் என்ற கருத்தை விட்டுவிட்டு, இருப்பவற்றை நோக்கத்தோடு இயக்குபவன் என்ற கருத்தை ஏற்கிறது. நேர்மையான பேரம் என்றே இதை நினைக்கிறேன்.

இப்போது அந்த நோக்கத்தை இன்றைய அண்டத்தின் முன் நிறுத்துவோம். பூமியின் வயது 454 கோடி ஆண்டு. உயிர் தோன்றி 350 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதில் பெரும்பகுதி ஒற்றைச் செல் உயிர்கள் மட்டுமே. இதை எவரிட்டின் கடவுள் விளக்கத் திணறுவார். சித்தாந்தம் திணறாது, அந்த ஒற்றைச் செல்லும் கனிந்துகொண்டிருக்கும் ஓர் உயிர்தான் என்று சொல்லும். உயிரினங்களின் ஐந்து பெரும் அழிவுகளைக் காட்டினால், ஒடுக்கமும் அவன் தொழில், களைத்த உயிருக்கு அது இளைப்பாறுதல் என்று சொல்லும். முதல் விண்மீன்களுக்கு முந்திய இருண்ட காலத்தைக் காட்டினால், அப்போது உயிர்கள் மாயையில் ஒடுங்கியிருந்தன என்று சொல்லும். உயிரின் சுவடு தெரியாத பல்லாயிரம் கோடி மண்டலங்களைக் காட்டினால், நமக்குத் தெரியாத புவனங்கள் பல உண்டு என்று சொல்லும். ஒவ்வொரு விடையும் உள்ளுக்குள் முரணில்லாதது. ஆனால் நாளை அண்டம் இப்போதையதைப் போல் பத்து மடங்கு என்றாலும் இதே விடைகள் வரும். பத்தில் ஒரு பங்கு என்றாலும் இவையே வரும். உயிர் பூமியில் மட்டும்தான் என்று தெரிந்தாலும், எங்கும் உண்டு என்று தெரிந்தாலும் மாற்றம் வராது. எது வந்தாலும் பொருந்திக்கொள்ளும் கருத்துக்கு அண்டம் எதிர்சாட்சி சொல்ல முடியாது. சாட்சி சொல்லவும் முடியாது.

நோக்கத்தை நாம் எப்படித்தான் அறிகிறோம்? பெங்களூரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. கவிபுரத்தின் குகைக் கோயிலான கவி கங்காதரேஸ்வரரில், மகர சங்கராந்தி மாலையில் சூரிய ஒளி நந்தியின் கொம்புகளுக்கிடையே புகுந்து கருவறை இலிங்கத்தின் மேல் விழுகிறது. அந்த நாளில் கூட்டம் அலைமோதும். பெங்களூர் நேரு கோளரங்கத்தைச் சேர்ந்த பி.எஸ். ஷைலஜாவும் உடன் ஆய்ந்தவர்களும் 2008-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். ஒளி ஜனவரி நடுவில் மட்டும் விழுவதில்லை, நவம்பர் இறுதி, டிசம்பர் தொடக்கத்திலும் விழுகிறது. சூரியன் தென்கோடிக்குப் போகும்போதும் திரும்பும்போதும் அதே கோணத்தைக் கடக்க வேண்டும் அல்லவா? ஒரு நாளைக் கொண்டாடுகிறோம், இன்னொன்று கவனிப்பாரின்றிப் போகிறது. இருந்தும் அந்த அமைப்பில் ஒரு நோக்கம் இருந்ததென்று துணிந்து சொல்லலாம். கோயில் கட்டுபவர்கள் யார், எதற்குக் கட்டுவார்கள், மற்ற கோயில்களில் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். நோக்கமற்ற குகைகளும் ஒப்பிடக் கிடைக்கின்றன. அண்டத்துக்கு இந்த உதவிகளில் ஒன்றுகூட இல்லை. ஒப்பிட இன்னோர் அண்டம் இல்லை, அதைச் செய்தவரின் வேறு வேலை எதையும் பார்த்ததில்லை. ‘அறிவற்றது தானே இயங்காது’ என்ற மெய்கண்டாரின் படியும் இன்று அவ்வளவு உறுதியாக இல்லை. ஈர்ப்பு விசை மட்டும் துணையாக, வாயுக்கூட்டம் தானே சுருங்கி விண்மீனாவதைக் காண்கிறோம். அந்த ஈர்ப்பு ஏன் இருக்கிறது என்று சித்தாந்தி திருப்பிக் கேட்கலாம், அந்தக் கேள்வி செல்லும். ஆனால் அது அண்டத்தின் அமைப்பைப் பற்றிய கேள்வியாக இல்லாமல், எதுவுமே ஏன் இருக்கிறது என்ற கேள்வியாக மாறிவிடுகிறது.

எச். நரசிம்மையாவை இங்கே நினைக்கிறேன். கதர் உடுத்த காந்தியவாதி. 1962-இல் பெங்களூர் சயின்ஸ் ஃபோரத்தைத் தொடங்கியவர். பெங்களூர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபோது 1976-இல் அற்புதங்களையும் மூடநம்பிக்கைகளையும் ஆராய ஒரு குழு அமைத்தார். சத்திய சாயிபாபாவின் அற்புதங்களைச் சோதனை நிபந்தனைகளோடு பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுதினார். பெரும் சர்ச்சையானது. அவர் செய்தது சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. வெறுங்கையில் ஒரு பொருள் வந்தது என்பது சோதிக்கத்தக்க கூற்று, சோதனைக்கு மறுத்தால் கூற்று விழுகிறது. மனிதனுக்காகவே இந்த அண்டம் என்பதும் அந்த இனத்தைச் சேர்ந்தது. தொலைநோக்கிகள் அதைச் சோதித்தன, அதன் வலு குறைந்தது. உயிர்கள் கனிவதற்காக இந்த இயக்கம் என்பது வேறு இனம். நரசிம்மையாவின் கருவி அதை வெட்டாது. ஆனால் வெட்டுப்படாததாலேயே அது அறிவு என்ற தகுதியைக் கோர முடியாது.

அடிமுடி கதையில் தண்டனை யாருக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். தேடியதற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. காணவில்லை என்று ஒப்புக்கொண்ட திருமாலுக்குக் குறையொன்றும் நேரவில்லை. தாழம்பூவைப் பொய்ச்சாட்சியாக வைத்து முடியைக் கண்டேன் என்ற பிரமனுக்குத்தான் கோயில் இல்லாமல் போனது. 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ், பெருவெடிப்புக் கொள்கை படைப்பை உறுதிசெய்கிறது என்ற தொனியில் பேசினார். அந்தக் கொள்கைக்கே வித்திட்டவரும் கத்தோலிக்கக் குருவுமான ஜார்ஜ் லெமைத்ரு அதை விரும்பவில்லை. இயற்பியல் முடிவைச் சமயத்துக்குச் சாட்சியாக்கக் கூடாது என்பது அவர் நிலை. அங்கியணிந்த அந்த விஞ்ஞானி தாழம்பூவை நிராகரித்தார். கல்பத்தையும் பூமியின் வயதையும் பக்கத்தில் வைத்து மகிழும் நம்மவர்கள் அவரிடம் கற்க வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இப்படி அமைகிறது. மனிதனை நடுவில் வைத்த படைப்பாளர் கொள்கையோடு இன்றைய அண்டம் பொருந்தவில்லை. அதைப் பொருத்த எடுக்கும் முயற்சிகள் பாதி தூரமே போகின்றன. மாணிக்கவாசகரின், மெய்கண்டாரின் இறைவனோடு அண்டம் முரண்படவில்லை. அந்த முரணின்மை அந்த இறைவனின் பெருமை காரணமாக வந்தது, சான்று காரணமாக வந்ததல்ல. ஹொசகோட்டேயில் இரவெல்லாம் கண்விழித்துத் தரவு சேர்த்துவிட்டு, மார்கழி விடியலில் திருவெம்பாவை பாடப் போகிற ஒருவர் எந்தப் பிழையும் செய்யவில்லை. அந்தத் தரவு தம் பாட்டுக்குச் சான்று என்று அவர் சொன்னால் பிழை. கடவுளை நம்பாதவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட சந்திரசேகரின் 1.4 மடங்குக் கணக்கை ஏற்பவர்கள் அவர் வழியில் போகக் கடமைப்பட்டவர்களும் அல்லர்.

மீதி இருப்பது ஜினசேனரின் கடைசிக் கேள்வி. கன்மத்தையும் ஆணவத்தையும் கொண்டு துன்பத்தின் காரணத்தைச் சித்தாந்தம் சொல்லிவிடுகிறது. ஆனால் 350 கோடி ஆண்டுகளாக ஒன்றையொன்று தின்று, மடிந்து, மீண்டும் பிறந்துதான் உயிர் கனிய வேண்டுமா, அருளே வடிவான ஒருவனுக்கு இதைவிடக் குறுகிய வழி கிடைக்கவில்லையா என்று கேட்டால், மரபிடமிருந்து எனக்கு நிறைவான பதில் கிடைக்கவில்லை. ஓர் ஒளியாண்டுகூட அகலமில்லாத, ஒரே ஒரு சூரியன் மட்டுமே கொண்ட அண்டத்திலும் இந்தக் கேள்வி இதே கனத்தோடு இருந்திருக்கும்.